ஆர்க்கைவ் டாட் ஆர்க்: எடுத்துப்போகக் கிடைக்கும் நூலகம்

ஆர்க்கைவ் டாட் ஆர்க் தளத்தில் ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் திறந்ததும் உடனே படிக்க உட்கார்ந்துவிடாதீர்கள். பக்கத்தைக் கொஞ்சம் கீழே தள்ளினால் வலது ஓரத்தில் 'டவுன்லோட் ஆப்ஷன்ஸ்' என்று ஒரு பெட்டி வரும். முதலில் அதைப் பாருங்கள். பிடிஎஃப், ஈபப், ஜேபி2, டொரண்ட் என்று வரிசையாக இருந்தால் புத்தகம் முழுசாக உங்கள் கைக்கு வரும். 'பாரோ' என்ற பொத்தான் மட்டும் இருந்தால் அது இரவல் புத்தகம். ஒரு மணி நேரமோ 14 நாளோ வைத்துப் படிக்கலாம், பிரதி எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. இந்தச் சேவையின் பலமும் பலவீனமும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கின்றன. இதன் வரலாற்றில் வந்த ஒவ்வொரு சோதனையிலும் யாராவது பிரதி எடுத்து வைத்திருந்தவை பிழைத்தன. திரையில் மட்டும் பார்க்கக் கிடைத்தவை லட்சக்கணக்கில் போய்விட்டன.

1996-இல் ப்ரூஸ்டர் கேல் தொடங்கிய லாப நோக்கற்ற நிறுவனம் இன்டர்நெட் ஆர்க்கைவ். இருப்பது சான் ஃபிரான்சிஸ்கோவில். கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, புத்தகம் இறக்கக் கணக்குகூட வேண்டாம். இரவல் வாங்கவும் நாமே எதையாவது ஏற்றவும் மட்டும் கணக்கு தேவை. தமிழ் வாசகர்கள் இங்கே வருவது பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்கு: பழைய புத்தகம் தேட, காணாமல்போன இணையப் பக்கத்தை மீட்க. இரண்டுக்கும் இந்த அளவில் வேறு இடம் இல்லை. ஆனால் இரண்டிலும் தமிழுக்கென்று தனித் தொல்லைகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் போனால் 'தேடினேன், இல்லை' என்று திரும்பிவிடுவீர்கள்.

புத்தகம் தேடுவது

இங்குள்ள பழைய தமிழ் நூல்களில் பெரும் பகுதி டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியாவிலிருந்து வந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராஜ் ரெட்டி முன்னெடுத்த பத்து லட்சம் புத்தகத் திட்டத்தின் இந்தியப் பங்கு அது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் அதற்கு மையமாக இருந்தது. ஊர் ஊராக ஸ்கேன் மையங்கள் அமைத்து நூலகங்களிலிருந்த புத்தகங்களைப் படமெடுத்தார்கள். அந்தத் தளம் பின்னாளில் இயங்காமல் போயிற்று. அதற்குள் கார்ல் மாலமுட்டின் பப்ளிக் ரிசோர்ஸ் அமைப்பு லட்சக்கணக்கான நூல்களைப் பிரதி எடுத்து ஆர்க்கைவில் ஏற்றிவிட்டது. அதனால்தான் அவை இன்று நமக்குக் கிடைக்கின்றன. முகவரியில் 'இன் டாட் எர்நெட் டாட் டிஎல்ஐ டாட் 2015' என்று ஆரம்பித்து ஓர் எண்ணோடு முடியும் பதிவுகள் எல்லாம் இந்த வழியில் வந்தவை.

இவற்றின் பெரிய குறை விவரக் குறிப்பு. தமிழ்த் தலைப்பு ரோமன் எழுத்தில் ஏறியிருக்கும், அதுவும் எந்த ஒலிபெயர்ப்பு முறைக்கும் கட்டுப்படாமல். ழகரத்துக்கு ஒருவர் 'இசட் எச்' போட்டிருப்பார், இன்னொருவர் 'எல்' போட்டிருப்பார். நெடிலை ஒருவர் இரட்டித்திருப்பார், மற்றவர் கண்டுகொண்டிருக்க மாட்டார். சிலப்பதிகாரம் வேண்டும் என்றால் 'எஸ்' எழுத்தில் ஒருமுறை, 'சி' எழுத்தில் ஒருமுறை தேட வேண்டும். வெளிநாட்டு நூலகப் பட்டியல்கள் சகரத்துக்கு 'சி'தான் போடும். முழுத் தலைப்பையும் தட்டாதீர்கள். முதல் நான்கைந்து எழுத்தை ரோமனில் எழுதி நட்சத்திரக் குறியோடு நிறுத்துங்கள். பிறகு இடப்பக்கத்தில் மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்துச் சுருக்குங்கள். அப்படியும் வராவிட்டால் நூலாசிரியர் பெயரிலும் பதிப்பகத்தின் பெயரிலும் இதே முறையில் தேடுங்கள். தமிழ் எழுத்திலும் ஒருமுறை தேடத்தான் வேண்டும். தனி ஆர்வலர்கள் அண்மையில் ஏற்றியவை பெரும்பாலும் தமிழ்த் தலைப்போடு இருக்கும். மொழி வடிகட்டியை முதலிலேயே போட்டுவிடுவதும் தவறு. மொழி என்ன என்று குறிக்காமலோ தப்பாகக் குறித்தோ கிடக்கும் தமிழ்ப் புத்தகங்கள் நிறைய.

ஆண்டை நம்பாதீர்கள். பழைய நூல்களின் முகப்பில் 'சுக்கில வருஷம்' என்று மட்டும் அச்சாகியிருக்கும். அது 1869-70 ஆகவும் இருக்கலாம், 1929-30 ஆகவும் இருக்கலாம். விவரம் பதிந்தவர் எதையோ போட்டிருப்பார். அச்சகத்தின் பெயர், விலை, முகவுரையின் தேதி இவற்றை வைத்து நீங்களேதான் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

புத்தகம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாசிப்புச் சட்டகத்தின் கீழே உள்ள கட்டம் கட்டமான படத்தை அழுத்தினால் எல்லாப் பக்கங்களும் சிறு படங்களாக விரியும். பக்கம் விட்டுப்போனது, இரண்டுமுறை ஸ்கேன் ஆனது, சாய்ந்தது, விரல் விழுந்தது எல்லாம் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்தியத் திட்டத்தின் ஸ்கேன்கள் பெரும்பாலும் சாம்பல் நிறம் இல்லாத வெறும் கறுப்பு வெள்ளை. புகைப்படங்கள் மைத்திட்டாகத்தான் தெரியும். தமிழுக்கு இதைவிடப் பெரிய கேடு புள்ளி. மை மங்கிய இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்து 'க்' என்பது 'க' ஆகிவிடும். தாளில் இருந்த தூசியோ பூச்சி அரித்த துளையோ புள்ளியாகத் தெரியும். பாடபேதம் ஆராய்பவர்கள் இந்தப் பதிவை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. அதே பதிப்பின் இன்னொரு ஸ்கேன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருக்கும், வேறு எழுத்துக்கூட்டலில்.

மேற்கோள் காட்டுவோருக்கு ஒரு குறிப்பு. வாசிக்கும்போது முகவரியில் 'என்' எழுத்தை ஒட்டி வரும் எண் ஸ்கேன் படத்தின் வரிசை எண்; புத்தகத்தில் அச்சான பக்க எண் வேறு. முன்னுரைப் பக்கங்களுக்குத் தனி எண் போட்ட பழைய நூல்களில் இரண்டுக்கும் 20, 30 வரை வித்தியாசம் வரும். அடிக்குறிப்பில் அச்சுப் பக்க எண்ணைக் கொடுத்து, சுட்டியில் படத்தின் எண்ணை அப்படியே இருக்க விடுங்கள்.

எதை இறக்குவது

பெட்டியில் தெரிவது முழுப் பட்டியல் அல்ல. அதன் அடியில் 'ஷோ ஆல்' என்று இருக்கும். அல்லது முகவரியில் 'டீடெய்ல்ஸ்' என்ற சொல் இருக்கும் இடத்தில் 'டவுன்லோட்' என்று மாற்றுங்கள். கோப்புகள் எல்லாம் அளவோடும் தேதியோடும் வந்துவிடும்.

படிக்க மட்டும் என்றால் பிடிஎஃப் போதும். ஒரே பதிவில் இரண்டு பிடிஎஃப் இருந்தால், ஏற்றியவர் கொடுத்த மூலம் ஒன்று; ஆர்க்கைவ் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் மென்பொருள்) ஓட்டி உருவாக்கியது இன்னொன்று. பின்னதில் சொல் தேடலாம். ஆனால் அளவைக் குறைக்கப் படத்தை அழுத்தியிருப்பதால் சின்ன எழுத்து மங்கியிருக்கும். அடிக்குறிப்பு நிறைந்த உரைநூல் என்றால் மூலத்தையே எடுங்கள். மறுபதிப்புக்கோ தட்டச்சுக்கோ மெய்ப்புக்கோ என்றால் ஜேபி2 படங்களின் ஜிப் கோப்பு. எளிதாக 100 எம்பியைத் தாண்டும், ஆனாலும் அதுதான் வேண்டும். தமிழ்ப் புத்தகத்துக்கு ஈபப் எடுக்கவே எடுக்காதீர்கள். திருத்தப்படாத எழுத்துணரிப் பிரதியை அப்படியே ஈபப் ஆக்கியிருப்பார்கள். படிக்கவே முடியாது.

பெரிய கோப்பு பாதியில் அறுந்து போவது வாடிக்கை. டொரண்ட் (கோப்பைத் துண்டு துண்டாக இறக்கும் முறை) கோப்பை எடுத்து, ஒரு டொரண்ட் செயலியில் போட்டுவிட்டால் அறுந்த இடத்திலிருந்து தொடரும். வேறு யாரும் பகிராவிட்டாலும் ஆர்க்கைவின் சர்வரிலிருந்தே இறங்கும். இறங்கியது முழுசா என்று பார்க்க, கோப்புப் பட்டியலில் 'ஃபைல்ஸ் டாட் எக்ஸ்எம்எல்' என்று முடியும் ஒன்று இருக்கும். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 எண் உண்டு, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை மாதிரி. லினக்ஸில் 'எம்டி5சம்' கட்டளை, விண்டோஸில் 'சர்ட்யூட்டில்' கட்டளை தரும் எண்ணோடு அது ஒத்துப்போனால் ஒரு பைட்கூடக் குறையவில்லை. 'மெட்டா டாட் எக்ஸ்எம்எல்' கோப்பையும் சேர்த்து எடுத்து வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து இந்தப் பிடிஎஃப் எங்கிருந்து வந்தது என்று அதுதான் சொல்லும்.

எழுத்துணரி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2020 வரை ஆர்க்கைவ் பயன்படுத்திய மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ப் புத்தகங்களின் விவரத்தில் 'இந்த மொழிக்கு எழுத்துணரி இல்லை' என்ற பொருளில் ஒரு வரி மட்டும் இருக்கும். அந்த ஆண்டின் இறுதியில் டெசராக்ட் என்ற திறமூல மென்பொருளுக்கு மாறினார்கள். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு வழி பிறந்தது. அதற்குப் பின் ஏறிய புத்தகங்களுக்குள் சொல் தேடலாம். முன்னால் ஏறியவற்றில் பல இன்னும் ஊமையாகவே இருக்கின்றன. தேடும்போது 'திருவாசகம்' என்று தட்டினால் 'திருவாசகத்தில்' வராது. வேற்றுமை உருபு ஏறிய வடிவங்களையும் தனித்தனியே தேடிப் பார்க்க வேண்டும்.

1978 அக்டோபரில் வந்த எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தைய அச்சு என்றால் பிழைகள் கூடும். சுழித்து எழுதும் ணா, றா, னா, துதிக்கை வைத்த ணை, லை, ளை, னை இவற்றை எழுத்துணரி வேறு ஏதோவாக எடுத்துக்கொள்ளும். இன்னும் பழைய அச்சுகளில் ரகரமும் துணைக்காலும் ஏறக்குறைய ஒரே வடிவம். அங்கே மனிதக் கண்ணே தடுமாறும். ஆகவே இந்தத் தேடலில் ஒரு சொல் வரவில்லை என்றால் நூலில் அந்தச் சொல் இல்லை என்று பொருள் ஆகாது.

இரவல் அடுக்கு காலியான கதை

ஒரு நூலகம் விலை கொடுத்து வாங்கிய அச்சுப் பிரதிக்கு ஈடாக ஒரே ஒரு ஸ்கேன் பிரதியை, ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் இரவல் தருவது. ஓபன் லைப்ரரி என்ற பெயரில் ஆர்க்கைவ் செய்தது இதுதான். 2020 மார்ச் 24 அன்று, கொரோனாவில் நூலகங்கள் மூடியதும், காத்திருப்பு வரிசையை எடுத்துவிட்டு ஒரே புத்தகத்தைப் பலருக்கும் ஒரே நேரத்தில் தர ஆரம்பித்தது. ஜூன் 1 அன்று ஹஷெட், ஹார்ப்பர்காலின்ஸ், ஜான் வைலி, பெங்குவின் ராண்டம் ஹவுஸ் நான்கும் வழக்குத் தொடுத்தன. வழக்கில் பட்டியலிட்டது 127 புத்தகங்கள். குறிவைத்தது இரவல் முறையையே. 2023 மார்ச்சில் நியூயார்க் நீதிமன்றமும், 2024 செப்டம்பர் 4 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆர்க்கைவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. உச்ச நீதிமன்றத்துக்கு ஆர்க்கைவ் போகவில்லை. 5 லட்சத்துக்கும் மேலான புத்தகங்கள் இரவலிலிருந்து விலகின.

வரிசையை எடுத்த அந்த முடிவு அவசரமானது. எதிர்த்தரப்பின் கையில் தடியைக் கொடுத்தது. ஆனாலும் விலை கொடுத்து வாங்கிய புத்தகத்தை நூலகம் இரவல் தரலாம் என்ற பழைய உரிமை மின்வடிவத்தில் செல்லாது என்றால், நாளைக்கு நூலகங்கள் மின்னூலைச் சொந்தமாக வைத்திருக்கவே முடியாது. ஆண்டுக்கு ஆண்டு சந்தா கட்டி வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். சந்தா நின்றால் அடுக்கு காலி. நூலகக் குழுவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், மின்னூல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நிரந்தரப் பிரதி உண்டா என்ற ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் அந்தக் கதவு அடைபடவில்லை. அவர்களுக்கான சிறப்பு அனுமதியில் இரவல் நூல்கள் தொடர்கின்றன. அவர்களுக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலாவதாக ஏற்றுக்கொண்ட நாடு இந்தியா. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்திலேயே அதற்கான விலக்கு இருக்கிறது. ஆனால் தமிழில் சட்டம் மட்டும் போதாது. வெறும் படமாக இருக்கும் பிடிஎஃபைத் திரைவாசிப்பான் படிக்காது. மேலே சொன்ன எழுத்துணரிப் பிழைகள் அத்தனையும் அவர்கள் காதில்தான் விழும். மெய்ப்பு பார்த்த பிரதிகள் வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்பது அதனால்தான்.

இந்தியாவிலேயே ஒரு தடை வந்தது. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. இன்னார் என்று பெயர் குறிக்காமல் பெறும் ஆணை. இந்தியாவில் 'அசோக் குமார் ஆணை' என்பார்கள். தயாரிப்புத் தரப்பு கொடுத்த பட்டியலில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள். அதில் இந்த நூலகமும் இருந்தது. நாட்டின் பல பகுதிகளில் சில நாட்கள் தளம் திறக்கவில்லை. முன்கூட்டி எந்தத் தகவலும் தங்களுக்கு வரவில்லை என்று ஆர்க்கைவ் சொன்னது. ஒரு கோப்பின் முகவரியைக் குறிப்பிட்டுத் தடுக்க வேண்டிய இடத்தில் முழுத் தளத்தையும் அடைத்ததன் விளைவு இது. சங்க இலக்கியப் பதிப்புகளும் அந்த அடைப்புக்குள் போயின.

வேபேக் மெஷின்

வேபேக் மெஷின் என்பது ஆர்க்கைவின் பழைய இணையப் பக்கச் சேமிப்பு. 2001-இல் பொதுமக்களுக்குத் திறந்த அது, 2025 அக்டோபரில் ஒரு லட்சம் கோடி இணையப் பக்கங்கள் என்ற எண்ணைத் தொட்டது. பழைய முகவரியைக் கொடுத்தால் நாட்காட்டி வரும், வட்டமிட்ட தேதியை அழுத்தினால் அந்தநாள் பக்கம் வரும். இது எல்லோருக்கும் தெரியும். அதிகம் தெரியாதவை சில.

சேமித்த பக்கத்தின் முகவரியில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. அது இந்திய நேரம் இல்லை, உலகப் பொது நேரம். 20240305193000 என்றால் நமக்கு மார்ச் 6, நள்ளிரவு 1 மணி. ஓர் அறிவிப்பு எந்த நாளில் மாறியது என்று வாதாடும்போது இந்த ஐந்தரை மணி நேரம் ஆளையே கவிழ்த்துவிடும். இன்னொன்று, ஒரே பக்கத்தில் தெரியும் எழுத்தும் படமும் ஒரே நாளில் சேமித்தவையாக இருக்க வேண்டும் என்பதில்லை. மேல் பட்டையில் 'அபவுட் திஸ் கேப்சர்' என்பதைத் திறந்தால் ஒவ்வொரு படத்துக்கும் தனி நேரம் காட்டும். பக்கம் 2012, அதிலுள்ள விளக்கப்படம் 2015 என்று இருக்கக்கூடும். ஆதாரமாகக் காட்டும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்களைத் திறந்தால் அயல் எழுத்துகளாக வந்து கொட்டும். பக்கம் கெட்டுப்போகவில்லை. யூனிகோடுக்கு முன் தளத்துக்குத் தளம் ஒரு குறியாக்கம் (கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை): டிஸ்கி, 1999 தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த டாப், டாம், இதழ்கள் தாமே செய்துகொண்ட எழுத்துருக்கள். உலாவியில் தானே வந்து ஏறும் இயங்கு எழுத்துருவை நம்பிப் பக்கத்தைக் கட்டியிருப்பார்கள். அந்த எழுத்துருக் கோப்பு பலசமயம் சேமிப்பில் இருக்காது. மீட்க வழி உண்டு. 14 இலக்கத்தை ஒட்டி 'ஐடி' என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்தையும் ஓர் அடிக்கோட்டையும் சேர்த்துத் திறந்தால் ஆர்க்கைவின் பட்டை இல்லாமல் மூலப் பக்கம் அப்படியே வரும். மூல நிரலில் 'ஃபான்ட்' என்ற இடத்தில் எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். குறியாக்கம் எது என்பது அதிலிருந்து தெரியும். பிறகு உரையை நகலெடுத்து என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற குறிமாற்றியில் போட்டால் யூனிகோடில் கிடைக்கும். 2009 அக்டோபரில் மூடிய ஜியோசிட்டிஸ் தளத்தில் இருந்த பக்கங்களைத் தேடுவோருக்கு இது கட்டாயம் தேவைப்படும்.

நாமே ஒரு பக்கத்தைச் சேமிக்க 'சேவ் பேஜ் நவ்'. கணக்கில் நுழைந்துவிட்டுச் செய்தால் 'சேவ் அவுட்லிங்க்ஸ்', 'ஸ்க்ரீன்ஷாட்' என்ற இரண்டு தேர்வுகள் கூடுதலாக வரும். இரண்டையும் டிக் செய்யுங்கள். அரசாணைப் பக்கத்தைச் சேமித்து, அதிலிருந்து தொங்கும் பிடிஎஃபைக் கோட்டைவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. வெளிச்சுட்டிகளையும் சேமிக்கச் சொல்லாவிட்டால் பக்கம் மட்டும் சேரும், ஆணை சேராது. பிடிஎஃபின் முகவரியைத் தனியாகவும் கொடுத்துச் சேமிப்பது நல்லது. முடிந்ததும் வேறு உலாவியில் திறந்து பாருங்கள். உள்நுழைந்தால்தான் தெரியும் பக்கங்களும், கீழே இழுக்க இழுக்க வளரும் பக்கங்களும், பெரும்பாலான வீடியோக்களும் ஏறாது. அவற்றுக்கு வெப்ரெக்கார்டர் குழுவின் ஆர்க்கைவ்வெப் டாட் பேஜ் என்ற உலாவி நீட்சி சரி. சாதாரணக் கட்டுரைக்குச் சிங்கிள்ஃபைல் நீட்சி ஒரே கோப்பாகச் சேமித்துத் தரும்.

ஏன் கையிலும் ஒரு பிரதி வேண்டும் என்கிறோம்? தள உரிமையாளர் கேட்டுக்கொண்டால் அந்தத் தளத்தின் பழைய சேமிப்புகள் மொத்தமும் பார்வையிலிருந்து மறைந்துவிடக்கூடும். 2025 ஆகஸ்டில் ரெடிட் என்ற விவாதத் தளம், தன் பெரும்பாலான பக்கங்களை ஆர்க்கைவ் சேமிப்பதைக் கட்டுப்படுத்தப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் ஆர்க்கைவ் வழியாகத் தரவை அள்ளுகின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் ஆர்க்கைவையே ஊடுருவினார்கள். 3 கோடியே 10 லட்சம் கணக்குகளின் மின்னஞ்சல், பயனர் பெயர், மறையாக்கம் செய்த கடவுச்சொல் வெளியே போயின; தளம் பல நாட்கள் முடங்கியது. அன்றைக்குக் கணக்கு வைத்திருந்தவர்கள் இன்னும் கடவுச்சொல்லை மாற்றவில்லை என்றால் இப்போதே மாற்றுங்கள். புதிதாகத் தொடங்குவோர் தனி மின்னஞ்சல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றியவரின் முகவரி நெடுங்காலம் விவரக் கோப்பில் வெளிப்படையாகவே இருந்தது.

புத்தகம் ஏற்றுவது

முதலில் உரிமை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. உ.வே. சாமிநாதையர் 1942-இல் மறைந்தார். 2003 ஜனவரி 1 முதல் அவர் எழுதியவை பொதுவுடைமை. மூலநூல் பழையது என்பதால் உரையும் பொது என்று நினைத்துவிடக் கூடாது. உரையாசிரியர் 1980-இல் இறந்திருந்தால் 2040 முடியும் வரை அந்த உரைக்கு உரிமை உண்டு. மொழிபெயர்ப்பாளருக்கும் அதே கணக்கு. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியவற்றுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. இலங்கையில் 70 ஆண்டு. சர்வர் இருப்பது அமெரிக்காவில். அங்கத்திய கணக்கு வேறு என்பதால், புகார் வந்தால் நமக்குச் சரியான நூலையும் அங்கே நீக்கிவிடக்கூடும். உரிமை உள்ள நாவல்களையும் வார இதழ்களையும் ஏற்றுவது எழுத்தாளருக்குச் செய்யும் அநியாயம். 2017 போன்ற முழுத்தடைக்குக் காரணம் காட்டிக் கொடுப்பதும் அந்த மாதிரிக் கோப்புகள்தான்.

ஸ்கேன் குறைந்தது 300 டிபிஐ. அடிக்குறிப்பு பொடி எழுத்தில் இருந்தால் 400. வண்ணம் அல்லது சாம்பல். கைபேசிச் செயலியின் கறுப்பு வெள்ளை வடிகட்டி புள்ளியைத் தின்றுவிடும், அதை அணைத்துவிடுங்கள். அட்டை, முகப்பின் பின்பக்கம், விளம்பரப் பக்கம், வெற்றுப் பக்கம் எதையும் விடாதீர்கள். பழைய நூல்களில் பதிப்பு ஆண்டும் அச்சிட்ட படிகளின் எண்ணிக்கையும் இருப்பது முகப்பின் பின்பக்கத்தில்தான். கோப்புப் பெயர்கள் 0001, 0002 என்று போகட்டும். வெறும் 1, 2 என்று வைத்தால் 10-ஆம் பக்கம் 2-க்கு முன்னால் வந்து உட்காரும். எல்லாவற்றையும் ஜிப் ஆக்கி, பெயரை அடிக்கோடு, 'இமேஜஸ்' என்று முடியுங்கள். அப்போதுதான் உள்ளே இருப்பவை புத்தகப் பக்கங்கள் என்று ஆர்க்கைவ் புரிந்துகொள்ளும். ஒரு பதிவில் ஒரே புத்தகம். 50 நூலை ஒரே பதிவில் கொட்டினால் தனித் தலைப்பில் யாருக்கும் எதுவும் அகப்படாது.

அடையாளக் குறி என்று ஒரு பெட்டி வரும். ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, இடைக்கோடு, புள்ளி மட்டும் ஏற்கும். பதிவு உருவானபின் நாமாக அதை மாற்ற முடியாது. ஆசிரியர், நூல், ஆண்டு என்ற வரிசையில் சுருக்கமாக வையுங்கள். தலைப்பைத் தமிழிலும் ரோமனிலும் சேர்த்து எழுதுங்கள். தேதியில் ஆங்கில ஆண்டு, விளக்கத்தில் தமிழ் வருஷப் பெயர். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறந்தால் எழுத்துணரி தானாக ஊகிக்கும். ஊகம் தப்பினால் உரைக் கோப்பு முழுக்கக் குப்பை. முதல்முறை என்றால் தொகுப்பு என்ற இடத்தில் சோதனைத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்து ஏற்றிப் பாருங்கள், 30 நாளில் தானே அழிந்துவிடும்.

இந்தியாவிலிருந்து ஏற்றம் மெதுவாகத்தான் போகும். உலாவியில் 500 எம்பி கோப்பு பாதியில் நின்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நிறைய நூல்கள் ஏற்றுவோர் பைதான் நிரல்மொழியில் உள்ள 'ஐஏ' கட்டளைக் கருவிக்குப் போய்விடுங்கள். அறுந்தால் திரும்ப முயலச் சொல்லலாம், நூறு நூலின் விவரத்தை ஒரே அட்டவணைக் கோப்பில் கொடுக்கலாம். ஏறிய பின் எழுத்துணரி ஓடி முடிய நிமிடங்களும் ஆகலாம், மணிக்கணக்கும் ஆகலாம். அதுவரை வாசிப்புச் சட்டகம் வரவில்லையே என்று திரும்ப ஏற்றாதீர்கள்.

எல்லாத் தேவைக்கும் இங்கே வர வேண்டியதில்லை. தட்டச்சு செய்து மெய்ப்பு பார்த்த இலக்கிய மூலம் வேண்டும் என்றால் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தை முதலில் பாருங்கள். ஈழத்து நூல், இதழ், சிறப்பு மலர் என்றால் 2005 முதல் இயங்கும் நூலகம் தளம். நாட்டுடைமை நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் தமிழ் விக்கிமூலமும். ஆர்க்கைவில் நீங்கள் ஏற்றிய பொதுவுடைமை நூலை விக்கிமூலத்துக்குக் கொண்டுபோக 'ஐஏ அப்லோட்' என்ற கருவி இருக்கிறது. அடையாளக் குறியைக் கொடுத்தால் விக்கிமீடியா பொதுவகத்துக்கு மாற்றிவிடும். பிறகு விக்கிமூலத்தில் பக்கம் பக்கமாக ஸ்கேன் ஒருபுறம், உரை மறுபுறம் வைத்து யார் வேண்டுமானாலும் திருத்தலாம். துதிக்கை வைத்த 'லை' வரும் வரிகளை முதலில் பாருங்கள்.